அப்பா விட்டுவிட்டு வந்த மீன்கள்

நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்று பெரியப்பா மூத்த மகளாகிய என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். முயன்று பார்க்கிறேன். எங்கள் அப்பா சின்னாளப்பட்டியில் ஒரு நெசவுக் குடும்பத்தில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். தாத்தா காலமானபோது அவர் பள்ளிப் படிப்பைக்கூட முடித்திருக்கவில்லை. பிறகு ஐ.டி.ஐ. படித்து, வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராகச் சேர்ந்து, மில் பஸ்ஸிலேயே பாதி ஆயுளைக் கழித்து, என்னையும் தம்பியையும் ஆளாக்கினார். யாரிடமும் கை நீட்டியதில்லை. யாரையும் கடிந்து பேசியதில்லை. இத்தனையும் உண்மை.

இனி மீனுக்கு வருகிறேன்.

மூணாறு மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டுக்கு இயந்திரம் பழுதுபார்க்கப் போனவர், அங்கே ஓடையில் ட்ரவுட் மீன் பிடிப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். அதோடு எங்கள் வீட்டு மார்கழி போயிற்று; ஒவ்வொரு மார்கழியும் லீவு போட்டுவிட்டு அந்த ஓடைக்குக் கிளம்பிவிடுவார். குளிர்காலத்தில் அந்த ஓடையில் பெரிய பூச்சிகள் இருக்காதாம். கொசு அளவுப் பூச்சியைத்தான் மீன் தின்னுமாம். அதனால் நொய்யரிசி அளவு தூண்டில் முள்ளில் நூலையும் இறகையும் சுற்றிப் பூச்சி மாதிரியே கட்ட வேண்டும். மண்புழு போதாதா என்று கேட்டால், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து போய்விடுவார். இறகுக்காக எதிர்வீட்டு மாமாவின் சேவலைப் பிடித்துக் கழுத்தை மொட்டையாக்கிவிட்டார். அது அந்தக் கோலத்தில் தெருவில் உலாவியபோது எங்களால் வெளியே தலைகாட்ட முடியவில்லை.

"ஏன் மாப்ள, சொந்தமா ஒரு சேவல வாங்கி வளத்தா என்ன?" என்று மாமா வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"நான் வளத்தா இந்த நெறம் வராது மச்சான்" என்றார் அப்பா, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

இவ்வளவு பாடுபட்டுப் பிடித்த மீனை அங்கேயே தண்ணீரில் விட்டுவிடுவார். பொங்கலுக்கு முதல் நாள் சளியும் தும்மலுமாக, வெறுங்கையோடு வந்து நிற்பார். ஒரு மீன்கூட எங்கள் வீட்டு வாசலைக் கண்டதில்லை. "எந்தம்பி அங்கிட்டு இன்னொரு குடும்பம் வச்சிருக்கானோ?" என்று பெரிய அத்தை எல்லோர் முன்னாலும் கேட்டே விட்டார். அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சர்க்கரை நோயில் அப்பாவுக்குக் கண் மங்கியது. முள்ளில் நூல் நிற்காமல் விரல்தான் கிழிந்தது. அம்மா சாயம் ஏற்றும் முன் சுங்குடிச் சேலைக்குக் கடுகளவு முடிச்சுப் போடுகிறவர். பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல், "கொண்டாங்க இங்கிட்டு" என்று பிடுங்கித் தானே கட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஓடைக்குப் போனதெல்லாம் அம்மாவின் பூச்சிகள்தான். அதற்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"நான் கட்டுனத மீனு எப்படித் திங்குதுன்னு ஒரு தடவ பாக்கணும். என்னையும் கூட்டிட்டுப் போங்க."

"அந்தக் குளிரு ஒனக்கு ஆகாது புள்ள. அடுத்த மார்கழிக்குப் பாப்போம்."

வருடா வருடம் இதே பதில். என் கோபமெல்லாம் இதில்தான். சென்ற மார்கழியில் மூச்சுத் திணறித் திண்டுக்கல் மருத்துவமனையில் கிடந்தபோதும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த மார்கழி கண்டிப்பா கூட்டிட்டுப் போறேன்" என்றார். தை பிறந்த சில நாட்களில் போய்விட்டார். சாகும்போதுமா ஒரு மனிதர் தள்ளிப்போடுவார்? அன்று அழுதுகொண்டே திட்டினேன். இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்த மார்கழியில் தம்பியும் நானும் அம்மாவை அந்த ஓடைக்கு அழைத்துப் போனோம். குளிர் அம்மாவை ஒன்றும் செய்யவில்லை. எனக்குத்தான் பல் தந்தியடித்தது. அப்பாவுக்குத் துணையாக நின்ற எஸ்டேட் காவலாளி, அம்மா கட்டிய பூச்சியைத் தூண்டிலில் மாட்டி, வீசி, அம்மாவின் கையில் கொடுத்தார். நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தண்ணீருக்குள்ளிருந்து ஒரு மீன் மேலே வந்து, அந்தப் பூச்சியை வாயில் வாங்கியது. "ஆத்தீ, தின்னுருச்சு" என்று அம்மா கத்தினார். கண்ணில் நீர் வழிந்தது.

கரைக்கு இழுத்த மீனைக் காவலாளி தண்ணீரில் விடக் குனிந்தார். "ஐயா எப்பவும் விட்டுருவாரும்மா."

"அவரு விட்டாரு. கட்டுனது நானு. பையில போடுங்க" என்றார் அம்மா.

அப்பாவின் கடைசி நாட்களில் மருத்துவமனையில் மாறி மாறிக் கண்விழித்த மில் நண்பர்களுக்கும், காரியங்களை முன்நின்று நடத்திய பெரியப்பாவுக்கும், சேவல் விஷயத்தை மறந்து முதல் ஆளாக ஓடிவந்து தோள் கொடுத்த எதிர்வீட்டு மாமாவுக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி. நினைவு நாள் விருந்துக்கு அனைவரும் அவசியம் வர வேண்டும். உங்களுக்குச் சாம்பார்தான். மீன் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஃப்ரீசரில் அதை யாரையும் தொடவிடாமல் அம்மா வைத்திருக்கிறார். படையலில் அப்பாவின் இலைக்கு அது. எப்படிச் சமைக்கப்போகிறீர்கள் என்று நேற்றுக் கேட்டேன்.

"நல்லா மொறுமொறுன்னு வறுத்து வைக்கிறேன். இத எப்படித் தண்ணியில விடுறாருன்னு பாக்குறேன்" என்றார்.