பேடி உண்டோ?

பால்பாண்டிக்குப் பயமே கிடையாது என்று அந்தக் கிளினிக்கில் இருபது மாடி வரைக்கும் நிரூபித்துவிட்டார்கள். கூத்து எங்கே தொடங்கியது என்று சொல்கிறேன்.

இந்த மலையாள ஊரில், சாலைக் கடைத்தெருவில் இருக்கிற எங்கள் பலசரக்குக் கடையில் மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளும் பேச்சியின் புருஷன்தான் பால்பாண்டி. சங்கரன்கோவில் பக்கத்து ஆள். கழக்கூட்டத்து அடுக்குமாடிகளில் கயிற்றில் தொங்கியபடி வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிப்பவர். போன மழைக்காலத்தில் கயிறு வழுக்கி, பத்தாவது மாடிக்கு வெளியே கொஞ்ச நேரம் தலைகீழாகத் தொங்கினார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறவும் கால் வரவில்லை. ஏறாவிட்டால் வேலை போய்விடும். அவருக்குத் தெரிந்ததோ அந்த ஒரு வேலைதான்.

காண்ட்ராக்டர் பூதலிங்கம் அண்ணாச்சி நாலு பேரிடம் விசாரித்து அவரை ஒரு மனநல கிளினிக்குக்கு அனுப்பினார். அங்கே மாத்திரையும் இல்லை, ஊசியும் இல்லை. கண்ணை மறைக்கிற மாதிரி ஒரு விஆர் பெட்டியைத் தலையில் மாட்டுவார்கள். தரையில் நிற்கிற ஆளுக்கு முதல் மாடி விளிம்பில் நிற்பதுபோலவே தெரியும். பயம் அடங்கினால் அடுத்த மாடி. சும்மா சொல்லக்கூடாது, நல்ல வைத்தியம்தான். பயம் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் ஆளே வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

டாக்டர் ஸ்மிதா சின்ன வயசுப் பெண். "சேட்டா, பேடியுண்டோ?" என்று கேட்டார்.

மலையாளத்தில் பேடி என்றால் பயம். இத்தனை வருஷம் இங்கே டீ குடித்த மனுஷனுக்கு அது தெரியாதா? ஆனால் அவர் ஊரில் ஒருத்தனைப் பேடி என்றால் ஆண்பிள்ளையே இல்லை என்று அர்த்தம்; அன்றைக்கு வெட்டுக்குத்துதான். மீசை வைத்தவர், ஒரு பெண்ணின் முன்னால், 'ஆமா, பேடி உண்டு' என்று தன் வாயால் சொல்வாரா?

"இல்ல மேடம்."

"பின்னே எந்தா கால் இங்ஙனே ஆடுன்னே?"

"ஏசிக் குளிரு மேடம்."

டாக்டர் ஏசியை அணைத்தார். இவருக்கு வேர்த்துக் கொட்டியது. "ஏசி இல்லல்லா, புழுங்குது" என்றார். நோயாளி சொல்வதை நம்ப வேண்டும் என்று படித்துவிட்டு வந்தவர் ஸ்மிதா. நம்பி, அடுத்த மாடிக்கு ஏற்றினார்.

இப்படியே ஏறிக்கொண்டே போனார். அண்ணாச்சிக்கு ஏக சந்தோஷம். "திங்கக்கெழம கயித்துல ஏறிரு" என்று சொல்லிவிட்டார். வீட்டிலோ மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம் பேச்சியும் கூடப் போனாள். சமதரையில் நின்றுகொண்டு, பிடிக்க எதுவுமில்லாமல் காற்றைப் பிடித்தபடி, "இல்ல மேடம், இல்ல மேடம்" என்கிற புருஷனைப் பார்த்தாள். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"டாக்டரம்மா, அந்த வார்த்தைய விடுங்க. பயமா இருக்கான்னு கேளுங்க."

மலையாளத்திலும் பயம் பயம்தானே! ஸ்மிதா உடனே, "சேட்டா, பயமுண்டோ?" என்றார்.

பால்பாண்டி பெட்டியைக் கழற்றினார். அப்படியே தரையில் உட்கார்ந்தார். "பயமாத்தான் இருக்கு மேடம். விழுந்து செத்துருவேன்னு பயமா இருக்கு" என்று தேம்பி அழுதார். கடையில் இதைச் சொல்லும்போது பேச்சியும் அழுதாள்.

இருபதாவது மாடிவரை குணமாகியிருந்தவரை ஸ்மிதா அன்றைக்கே கீழே இறக்கினார். வைத்தியம் ஸ்டூலிலிருந்து ஆரம்பமானது.

திங்கட்கிழமை பால்பாண்டி அண்ணாச்சி முன்னால் போய் நின்றார். வேலை போயிற்று என்று முடிவு செய்துகொண்டுதான் போனார்.

"அண்ணாச்சி, இப்ப ஏற முடியாது. பயமா இருக்கு."

பூதலிங்கம் அக்கம்பக்கம் பார்த்தார். பக்கத்தில் யாரும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வெளிய சொல்லாத. எனக்குப் பயம் இல்லன்னா நான் எதுக்குடே காண்ட்ராக்டர் ஆவேன்? போ, கீழ காம்பவுண்டு சுவரு கெடக்கு, அத அடி."