லாக்கிலிருந்து நான் அழித்த இரண்டு வரிகள்

இதில் யாருடைய பெயரும் இல்லை. என் பெயரையாவது போட்டிருக்க வேண்டும். போட்டால் இதில் வரும் பெண் யாரென்று தெரிந்துவிடும் என்பதால் விட்டுவிட்டேன்.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில், திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி, ஒரு தனியார் கல்லூரியில் இருபத்திரண்டு வருடம் சிஸ்டம் அட்மினாக வேலை பார்த்தேன். கல்லூரியின் மெயில், வருகைப் பதிவு, மதிப்பெண் எல்லாம் லினக்ஸ் சர்வர்களில் ஓடின. அவற்றை ஓடவைப்பதும், நின்றுபோனால் ஏன் நின்றது என்று கண்டுபிடிப்பதும் என் வேலை. பாதி நாள் அந்த ஊரோடுதான் சண்டை. சிற்பப் பட்டறைகளின் கல்தூசி சர்வர் விசிறிகளில் அப்பிக்கொள்ளும். கடல்காற்றின் உப்பு மெமரி அட்டைகளின் பற்களில் கறையாகப் படியும். பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரால் தேய்த்தால் சரியாகிவிடும். என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு ரப்பர் இருக்கும்.

லாக் என்பது சர்வர் தானே எழுதிக்கொள்ளும் நாட்குறிப்பு. எந்த நேரத்தில் யார் உள்ளே வந்தார்கள், எந்த மெயில் போனது, எது நின்றது என்று நொடிக் கணக்கோடு வரி வரியாக விழும். எங்கள் தொழிலில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம், லாக்கைத் தொடக்கூடாது. யாரும் எழுதி வைத்த விதி இல்லை. தொட்டால் பிறகு எதையும் நம்ப முடியாது, அவ்வளவுதான்.

என்னோடு வேலை பார்த்தவர் ஒரு பெண். புதுப்பட்டினத்துக்காரர். பெற்றோர் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். அவர் படித்து, கல்லூரியில் டெக்னிகல் அசிஸ்டென்டாகச் சேர்ந்தபோதே கைக்குழந்தை இருந்தது. நாலு வருடத்தில் என்னைவிட நன்றாக வேலை தெரிந்தவர் ஆகிவிட்டார். இதை அப்போது யாரிடமும் நான் சொன்னதில்லை. நான் பழைய வழியில் கையால் செய்துகொண்டிருந்ததை அவர், தானாகவே ஓடும்படி, பத்து வரி ஸ்க்ரிப்ட் எழுதி முடித்துவிடுவார். பிரின்ஸிபால் கூப்பிட்டுப் பாராட்டினால் நான் போய் நின்று வாங்கிக்கொள்வேன்.

அந்த வாரம் புதன்கிழமை ஒரு துறைத்தலைவர் கருத்தரங்குக்காக உடனே ஒரு மெயில் கணக்கு வேண்டும் என்று அந்தப் பெண்ணைப் போட்டு நச்சரித்தார். அவரும் கணக்கைத் திறந்து, கல்லூரியின் பெயரோடு 123 சேர்த்து பாஸ்வேர்டாக வைத்துக் கொடுத்துவிட்டார். மாற்றிக்கொள்ளும்படி சொன்னார். துறைத்தலைவர் மாற்றவில்லை. வியாழக்கிழமை காலைக்குள் எங்கோ இருக்கும் யாரோ அந்தக் கணக்குக்குள் புகுந்து ஆயிரக்கணக்கில் குப்பை மெயில் அனுப்பிவிட்டார்கள். விளைவாக எங்கள் சர்வர் கறுப்புப் பட்டியலில் ஏறியது. நாங்கள் அனுப்பும் எதையும் வெளியில் யாரும் வாங்கவில்லை. போகாத மெயில்கள் எல்லாம் க்யூவில் நின்றன. வியாழன் முழுக்க அந்தப் பெண் உட்கார்ந்து குப்பையைக் கூட்டித் தள்ளினார், பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லி விண்ணப்பமும் போட்டார்.

வெள்ளிக்கிழமை அவர் அரைநாள் விடுப்பு. அம்மாவைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்குத் தடை நீங்கி, க்யூவிலிருந்த மெயில்கள் ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தன. மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். அதில் ஒன்று அவர் பெயரில் இருந்தது. போகவேண்டிய இடம், வேறு மாநிலத்தில் உள்ள ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையம்.

க்யூவைப் பார்ப்பது என் வேலை. மெயிலைத் திறந்து படிப்பது என் வேலை இல்லை. ரூட் என்ற தலைமைக் கணக்கில் உள்ளே போனவனுக்கு எல்லாக் கதவும் திறக்கும். திறந்தேன்.

எழுத்துத் தேர்வும் நேர்முகமும் முடிந்து அவர் காத்திருப்போர் பட்டியலில் முதலாவதாக இருந்திருக்கிறார். மேலே ஒருவர் விலகியதால் சிஸ்டம் அட்மின் பதவி அவருக்கு வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சம்மதத்தை மெயிலில் தெரிவிக்க வேண்டும், தவறினால் அடுத்தவருக்குப் போய்விடும் என்று கீழே இருந்தது. கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்த சம்மதக் கடிதத்தைக் காலை பதினொன்றரைக்கு அனுப்பியிருந்தார். விண்ணப்பத்தில் கல்லூரி மெயிலைக் கொடுத்திருந்ததால் அதிலிருந்தே அனுப்ப வேண்டியிருந்திருக்கிறது.

எனக்கு ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. அவர் போய்விட்டால் அந்த ஸ்க்ரிப்டுகளில் ஒன்று உடைந்தால்கூட எனக்குச் சரிசெய்யத் தெரியாது என்று முதலில் தோன்றியது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விண்ணப்பித்திருக்கிறாரே என்பது அடுத்து. இளவயதில் அதே மாதிரி ஒரு நிலையத்துக்கு நானும் போட்டு, நேர்முகத்தோடு திரும்பி வந்தவன் என்பது மூன்றாவது. இதே வரிசையில்தான் தோன்றின. ஆறு நிமிடம் ஆனது. இரண்டு மணி பதினாறு நிமிடத்துக்கு அந்த ஒரு மெயிலை மட்டும் நிறுத்தி வைக்கும் கமாண்டைக் கொடுத்தேன். சின்னக் கமாண்ட். மற்றவை போய்க்கொண்டே இருந்தன. அது மட்டும் நின்றது.

மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார். பின்னால் டோக்கன் எண் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"சார், க்யூ போவுதா? என்னுது ஒண்ணு அதுல கீது சார்."

"எல்லாம் போயிடுச்சும்மா. நீ அம்மாவைப் பாரு."

"அப்பாடா. தேங்ஸ் சார்."

ஐந்து இருபதுக்கு நிறுத்தத்தை நீக்கினேன். ஐந்து இருபத்தொன்றுக்கு மெயில் போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை அங்கிருந்து பதில் வந்தது. உரிய நேரத்துக்குள் சம்மதம் வராததால் அடுத்தவரிடம் கேட்டுவிட்டார்களாம்.

அவர் முதலில் செய்வது லாக்கைப் பார்ப்பதாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் சனிக்கிழமையே லாக்கைத் திறந்து, நிறுத்தி வைத்ததாகச் சொல்லும் வரி ஒன்று, விடுவித்ததாகச் சொல்லும் வரி ஒன்று, இரண்டையும் அழித்துவிட்டேன்.

திங்கட்கிழமை அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து அந்த லாக்கை மேலும் கீழுமாக மூன்று முறை படித்தார். மதியத்துக்குள் சில முறை முயன்று தோற்றது, பிறகு ஐந்து இருபத்தொன்றுக்குப் போனது. நடுவில் ஒன்றும் இல்லை. நீங்கள் போய்விட்டது என்றீர்களே என்று அவர் கேட்கவில்லை. கேட்பதற்குள் நானே சொன்னேன்: க்யூ நகர்வதைப் பார்த்துச் சொன்னேன், ஒவ்வொன்றாகச் சரிபார்க்கவில்லை. ஒவ்வொரு தோல்விக்கும் சர்வர் அடுத்த முயற்சியை இன்னும் தள்ளிப்போடும், அதனால் இவ்வளவு இடைவெளி. தள்ளிப்போடும் என்பது உண்மைதான். தெரிந்த தொழிலை வைத்தே பொய் சொன்னேன்.

அவர் தலையாட்டினார். "நான் வெச்ச பாஸ்வேர்ட் சார். வேற யாரை சொல்றது. என் தலையில நானே போட்டுக்கினேன்" என்றார். அடுத்த முறை அந்தப் பதவிக்கு ஆள் எடுக்கும்போது அவர் வயது வரம்பைத் தாண்டியிருந்தார்.

அதன் பிறகு பாஸ்வேர்ட் விஷயத்தில் அவரை யாராலும் அசைக்க முடியவில்லை. பதினாறு எழுத்துக்குக் குறைந்தால் கணக்கே கிடையாது. ஆசிரியர்கள் கேண்டீனில் அவரைப் பாஸ்வேர்ட் அக்கா என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். அதே துறைத்தலைவர் ஒருநாள், "இன்னாம்மா, என் பாஸ்வேர்ட் ரயில் பெட்டி மாதிரி நீளமா கீது, டைப் பண்றதுக்குள்ள பீரியடே முடிஞ்சிடும்போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் ஓய்வு பெற்றபோது பிரிவுபசார விழாவை ஏற்பாடு செய்தவர் அவர்தான். சர்வருக்குள் நுழையத் தகுதியுள்ளவர்கள் பட்டியல் என்று ஒரு கோப்பு உண்டு, ஆளுக்கு ஒரு வரி. வேலையை விட்டுப் போனவரின் வரியை அன்றே எடுத்துவிட வேண்டும். அவர் என்னுடையதை எடுக்கவில்லை. "இருக்கட்டும் சார். அவசரத்துக்கு நீங்க வூட்லேர்ந்தே வந்து பார்க்கலாம்" என்றார். ஊரப்பாக்கத்தில் என் வீட்டு மேசையிலிருந்து ஆறு வருடம் அந்தச் சாவி வேலை செய்தது.

போன மாதம் அவர் போன் செய்தார். கல்லூரி தன் மெயில் சர்வரை மூடிவிட்டு வெளி நிறுவனம் ஒன்றிடம் மாறுகிறது. மூடுவதற்கு முன் அந்த சர்வர் யாரோடெல்லாம் பேசுகிறது என்று பார்த்திருக்கிறார்.

"சார், ஹார்டுவேர் லேப்ல மேசைக்கு அடில ஒரு பழைய டப்பா ஓடிக்கினே கீது. உங்க கையெழுத்துல 'அணைக்காதீர்கள்'னு ஒட்டி கீது. எல்லா லாக்கும் அதுலயும் வந்து விழுது சார். இன்னா பண்றது, ஃபார்மட் அடிச்சிடவா?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவர் வேலைக்குச் சேரும் முன்பே, ஒரு ஆய்வுக் குழு வருகிறது என்று, லாக்கின் நகல் இன்னொரு மெஷினுக்கும் போகும்படி நான் செய்து வைத்திருந்தேன். குழு வந்து போனது. நான் மறந்துவிட்டேன். பழைய லாக்குகளை மாதா மாதம் நீக்கும்படி அமைத்திருக்க வேண்டும், சோம்பேறித்தனத்தால் அதையும் செய்யவில்லை. பெரிய டிஸ்க் போட்டிருந்ததால் நிறையவும் இல்லை. நான் அழித்த இரண்டு வரிகள் எட்டு வருடமாக அந்த மேசைக்கு அடியில் இருந்திருக்கின்றன.

அடிச்சிடும்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அடிக்கும் முன் அவர் ஒருமுறை பார்ப்பார். எதையும் பார்க்காமல் அழிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அந்த மெஷினுக்கு வெளியிலிருந்து வழியும் கிடையாது. "இரும்மா, நானே வந்து பாக்குறேன்" என்றேன். உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று கிளம்பவில்லை. என் கையாலேயே அழித்துவிடத்தான் மறுநாள் காலை ரயிலேறிச் செங்கல்பட்டில் இறங்கி பஸ் பிடித்தேன்.

அவர் மெஷினை மேசைமேல் எடுத்து வைத்து, தூசி துடைத்து, மானிட்டர் மாட்டி வைத்திருந்தார். எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். தலையில் நிறைய நரை வந்திருந்தது. டீ வந்தது. நான் விசைப்பலகையில் கை வைத்தபோது, பக்கத்தில் நின்றபடியே சொன்னார்: "சார், அடிக்கறதுக்கு முன்னாடி அந்த வெள்ளிக்கிழமை லாக்கை மட்டும் எனக்கு எடுத்துக் குடுத்துடுங்க. புதுசா வர்ற ஸ்டாஃபுக்கு வருசா வருசம் கிளாஸ் எடுக்கறேன் இல்ல, பாஸ்வேர்ட்ல அலட்சியமா இருந்தா இன்னா ஆவும்னு என் கதையைத்தான் சொல்றேன். காட்டறதுக்கு கையில லாக் இல்ல."

வருடா வருடம். அந்நியர்கள் முன்னால் நின்று, தான் செய்யாத தவறைத் தன் தவறாகச் சொல்லிக்கொண்டு.

அந்தத் தேதியைக் கொடுத்துத் தேடினேன். வரிகள் வந்து விழுந்தன. எழுந்து, திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

அவர் உட்காரவில்லை. குனிந்து படித்தார். முதலில் வரிகளைப் பார்க்கவில்லை, நேரங்களைப் பார்த்தார். விரல் தடை நீங்கிய இரண்டு பத்தில் நின்றது. பிறகு இரண்டு பதினாறு. பிறகு ஐந்து இருபது.

"இதை யார் சார் நிறுத்தினது? நான் ஆஸ்பத்திரில இருந்தேன்."

"நான்தான்மா."

"தெரியாம கை பட்டுடுச்சா?"

அந்த வழியையும் அவரே திறந்து கொடுத்தார். "இல்லம்மா. படிச்சிட்டுத்தான் நிறுத்தினேன். அப்புறம் சர்வர் லாக்லேர்ந்து இந்த ரெண்டு வரியையும் அழிச்சேன்" என்றேன். ஏன் என்பதற்கும் மேலே எழுதிய மூன்றையும் அதே வரிசையில் சொன்னேன். சொல்லி முடித்தும் அவர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். அது அவர் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது.

போனை எடுத்தார். வெளியே போய்ப் பேசுவார் என்று நினைத்தேன். அங்கேயே நின்று கணவரைக் கூப்பிட்டார்.

"இன்னாங்க, கடையிலயா கீறீங்க? ஒண்ணு சொல்றேன், கேளுங்க. அந்த வேலை போச்சு இல்ல, அது என் பாஸ்வேர்டால இல்லயாம். மெயில் ரெண்டு மணிக்கே போயிருக்கும். சார்தான் புடிச்சி வெச்சிருந்தாராம். ஆமா, நம்ம சார்தான். எதிர்ல நின்னுகினு கீறாரு. இல்ல, நான் அழுவல. என் தப்பு இல்லன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். வெச்சிடறேன்."

அந்த லாக்கை ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொண்டார். பிறகு தன் இடத்தில் போய் உட்கார்ந்து, சர்வர்களில் ஒவ்வொன்றாக நுழைந்தார். நுழையத் தகுதியுள்ளவர்கள் கோப்பைத் திறப்பது எனக்குத் தெரிந்தது. ஒவ்வொன்றிலும் என் வரியை எடுத்தார். ஒளித்துச் செய்யவில்லை. ஒவ்வொன்றையும் சேமித்த பிறகு திரும்பத் திறந்து சரிபார்த்தார்.

நான் பையை எடுத்தேன். வாசலுக்கு வந்தபோது திரும்பாமலே கூப்பிட்டார்.

"சார், வூட்டுக்குப் போனதும் ஒரு தபா உள்ள வர முயற்சி பண்ணிப் பாருங்க. உள்ள வந்துட்டா சொல்லுங்க."

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கை கால் கழுவிவிட்டு, மேசையில் உட்கார்ந்து முயன்றேன். அனுமதி இல்லை என்றது. அடுத்த சர்வரிலும் அப்படியே. ஐந்து சர்வர்களிலும் பார்த்தேன்.

'எதிலும் உள்ளே போக முடியவில்லை' என்று செய்தி அனுப்பினேன். 'சரி' என்று பதில் வந்தது. இத்தனை வருடமாக அவருடைய ஒவ்வொரு செய்தியிலும் இருந்த 'சார்' அதில் இல்லை.