பத்து எண்ணி முடிக்கும் முன்னே வராதே

வாழைப்பூ ஆய்ந்துகொண்டே இதை எழுதுகிறேன். நாலு பூவுக்குக் கள்ளன் நரம்பை எடுப்பதும், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ரெண்டு வரி எழுதுவதுமாகப் போகிறது. எழுத்து கோணினால் பழியைக் கைப் பிசின் மேல் போடுங்கள், நான் படித்த ஆறாம் வகுப்பின் மேல் போடாதீர்கள்.

ரோட்டோரம் நின்று வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்வதுதான் என் தொழில். ஓடுகிறவனை நில் என்று சொல்லிவிடலாம், நின்றுவிடுவான். மெதுவாக ஓடு என்று சொல்லிப் பாருங்கள்! ஆஸ்பத்திரியில் "சத்தம் போடாதீங்க" என்று சொல்கிறவர்கள், கோயில் வாசலில் "வரிசையில வாங்க" என்று சொல்கிறவர்கள், யாருமே காதில் வாங்காத ஒரு வார்த்தையை நாள் பூராவும் சொல்லிக்கொண்டே இருக்கிறவர்கள், நீங்களெல்லாம் என் இனம். உங்களுக்காகத்தான் இது.

பேச வேண்டாத வேலை

என் வீட்டுக்காரருக்குக் கிடர்பூர் துறைமுகத்தில் வேலை. கொல்கத்தாவுக்குள் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாது என்று, பஸ்ஸில் ஒரு மணி நேரம் தள்ளி ஒரு கிராமத்தில் இருக்கிறோம். துறைமுக லாரிகளுக்கு எங்கள் ஊர் ரோடு குறுக்குவழி. பள்ளிக்கூடத்து வளைவில் போன வருஷம் ஒரு பிள்ளைக்குக் கால் முறிந்தது. அதற்கப்புறம்தான் பஞ்சாயத்தார் ஊருக்குள் நாற்பதாக இருந்த வேகத்தை இருபதாகக் குறைத்தார்கள். அதுவும் மூன்று மாசத்துக்குச் சும்மா பார்க்கலாம் என்றுதான். பஸ்காரர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் மறுபடி நாற்பது. அந்த வளைவைத் தாண்டித்தான் என் மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள்.

இங்கே தலைமை டீச்சரைப் "பொடோதி" என்பார்கள், பெரியக்கா என்று அர்த்தம். மகள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டப் பயந்து நான் நிற்பதைத் தினமும் பார்த்திருக்கிறார் போல. "எப்படியும் நிக்கிற. இந்தப் பலகையையும் பிடிச்சுக்கிட்டு நில்லு. யார்கிட்டயும் பேச வேண்டாம்" என்றார். பேச வேண்டாம் என்றதும் தலையை ஆட்டிவிட்டேன். வீட்டுக்காரர் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார்: "சந்தையில கத்திரிக்கா வெல கேக்கதுக்கே என்னையத் தள்ளிவிடுவ. நீ லாரிக்காரன மறிக்கப் போறியாக்கும்?"

எந்த சாமிக்கு?

பலகையில் இருபது என்று பெரிதாக எழுதியிருந்தது, வேறொன்றும் இல்லை. முதல் நாள் தூக்கிப் பிடித்தேன். வந்த லாரி அப்படியே வேகம் குறைந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. டிரைவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஒரு இருபது ரூபாய் நோட்டை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த லாரியும் அப்படியே.

இந்தப் பக்கத்தில் பூஜை வந்தால் பையன்கள் லாரியை மறித்து நன்கொடை கேட்பது வழக்கம். என்னையும் அதில் சேர்த்துவிட்டார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நோட்டும் கையுமாக நின்றேன். மூன்றாவது டிரைவர் சண்டைக்கே வந்துவிட்டார். இங்கே கல்யாணமான பெண்களைப் "பௌதி" என்று கூப்பிடுவார்கள், நம் அண்ணி மாதிரி. அவர் கேட்டது இது: "துர்கா வந்தாச்சு, காளி வந்தாச்சு, சரஸ்வதியும் வந்துட்டுப் போயாச்சு. இந்த இருபது ரூபாய் எந்த சாமிக்கு, பௌதி?"

ரெண்டு கம்பம்

மறுநாளே பலகையில் கிலோமீட்டர் என்று சேர்த்து எழுதினோம். ஆனாலும் எல்லா டிரைவரும் "இருபதுலதான் வந்தேன்" என்று சாதித்தார்கள். வேகம் பார்க்கும் மெஷினை போலீஸ்காரர்கள் ஒரு நாள் கொண்டுவந்தார்கள், அன்றைக்கே கொண்டுபோய்விட்டார்கள். பொடோதி விடவில்லை. ரெண்டு கரண்ட் கம்பத்துக்கு நடுவே நாடா பிடித்து அளந்து, கணக்குப் போட்டு, "இருபதில் வந்தால் கம்பத்துக்குக் கம்பம் பத்து விநாடி" என்றார். தன் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் என்னை எண்ணப் பழக்கினார். நான் சோறு வடிக்கும்போதுகூட எண்ணினேன். பத்துக்கு முன்னால் ரெண்டாவது கம்பத்தைத் தாண்டுகிற வண்டியின் நம்பரை நோட்டில் எழுதி வைப்பேன்.

தமிழில்தான் எண்ணுவேன், வேறு எதில் எண்ணினாலும் தாளம் தப்பிவிடும். வாசலில் வரிசையில் நிற்கிற பிள்ளைகளும் கூடவே எண்ண ஆரம்பித்தார்கள். ஒரே மாசத்தில் ஐம்பது வங்காளிப் பிள்ளைகள் "ஏளு! எட்டு!" என்று கத்த, மோட்டார் பைக்காரர்கள் மிரண்டுபோய்த் தாமாகவே வேகத்தைக் குறைத்தார்கள். மூன்றாம் வகுப்பு டீச்சர் என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டார்: "ரெண்டு வருஷமா நான் சொல்லிக்கொடுக்கிற வாய்ப்பாடு ஒருத்தனுக்கும் வரல. நீ ரோட்டுல நின்னே பாடம் நடத்திட்ட!"

என் குரல்

ஒரு சாயங்காலம் நல்ல மழை. பலகை காற்றில் திரும்பி என் முகத்திலேயே அடித்தது. பிள்ளைகள் குடையோடு ரோட்டில் இறங்கிவிட்டார்கள். ஒரு லாரி வருகிறது, வேகம் குறைகிற மாதிரி இல்லை. தெரிந்த நாலு வார்த்தை வங்காளமும் எனக்கு மறந்தே போச்சு. "ஏல, மெல்லப் போல! புள்ளைய வருதுல்லா!" என்று ஒரு சத்தம் கேட்டது. யார் அது என்று திரும்பிப் பார்த்தேன். நான்தான்!

லாரி கிறீச்சென்று நின்றது. டிரைவர் இறங்கி வந்தார், வேட்டியை மடித்துக் கட்டியபடி. நாமக்கல்காரர்! ஆம்பளையை "ஏல" என்றுவிட்டோமே என்று பலகையால் முகத்தை மறைத்துக்கொண்டேன். பிள்ளைகள் எல்லோரும் தாண்டுகிற வரைக்கும் ரோட்டு நடுவே கையை விரித்து அவரே நின்றார். அப்புறம் சொன்னார்: "எங்கூர்ல என்னைய ஒருத்தரும் ஏலன்னு கூப்புட்டதில்லீங்க அம்மணி. ஆனா பிரேக்குக்குப் புரிஞ்சிருச்சு, பாருங்க!"

அன்றிலிருந்து பலகை ஒரு கையில், குரல் ஒரு பக்கம்.

டோட்டோக்காரர்

எங்கள் ஊரில் டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷா உண்டு. எவ்வளவு முறுக்கினாலும் இருபதைத் தாண்டாது. லாரிக்காரன், பஸ்காரன் எல்லோரும் பின்னாலிருந்து ஹாரன் அடித்தே அந்தக் கிழவரைச் செவிடாக்கி வைத்திருந்தார்கள். இப்போது அவர் முன்னால் ஜம்மென்று போக, ஊர்வலம் மாதிரிப் பின்னால் பஸ்ஸும் லாரியும் வரும். என் பக்கத்தில் வந்ததும் தலையை நீட்டிச் சொல்வார்: "நான் ஒரு நாளும் வேகத்தைக் கூட்டல, பௌதி. ஊர்தான் என் வேகத்துக்கு வந்துச்சு!"

நாலு

மூன்றாம் மாசக் கடைசியில் பள்ளி மைதானத்தில் கூட்டம். அன்றைக்குத்தான் முடிவு. பஸ் முதலாளி வந்து சேரவில்லை. அவருக்காகக் கண்டக்டர் எழுந்து, "பஸ்ஸுக்கு நேரம் வீணாகுது. மெஷின் இல்லாம ஒரு பொம்பளை வாயால எண்ணின நம்பரையெல்லாம் நம்பணுமா?" என்று கேட்டார். கூட்டத்தில் பாதிப் பேர் அதுவும் சரிதான் என்று தலையாட்டினார்கள். நாளைக்கே நாற்பது வந்துவிடும் போல இருந்தது.

நல்லவேளை, போலீஸ்காரர் மெஷினோடு வந்திருந்தார். சரி, எண்ணிக் காட்டட்டும் என்றார்கள். கூட்டத்துக்கு முதுகு காட்டி ரோட்டைப் பார்த்து நிற்கலாம் என்பதால் எனக்கு அது பெரிய சௌகரியம். முதலில் ஒரு லாரி. "ஒன்பது. இருபதைக் கொஞ்சம் தாண்டிட்டான்" என்றேன். மெஷினில் இருபத்திரண்டு. அடுத்து ஒரு மீன் வண்டி. "ஆறு. முப்பதுக்கு மேல." முப்பத்து மூன்று. மூன்றாவதாக ஒரு மோட்டார் பைக் பறந்து வந்தது. நாலுதான் எண்ண முடிந்தது. "ஐம்பது" என்றேன். நாற்பத்தொன்பது! அந்த பைக் வளைந்து மைதானத்துக்குள்ளேயே வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றினால் பஸ் முதலாளி! "கூட்டத்துக்கு நேரமாச்சேன்னு..." என்று இழுத்தார்.

சிரிப்புச் சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்து, நான் திரும்பினேன். அத்தனை முகத்தையும் பார்த்து, தெரிந்த அரைகுறை வங்காளத்தில் சொன்னேன்: "இருபதுல போனா ஊரைத் தாண்ட நூத்தியிருபது எண்ணணும். நாப்பதுல போனா அறுபது. மிச்சம் ஒரே ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்தைத்தான் எங்க பிள்ளைங்ககிட்ட கேக்கிறீங்க." முதலாளி கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் அவர் காதோரம் குனிந்தார், ஆனால் டிக்கெட் கேட்டுக் கேட்டுப் பழகின தொண்டை, மைதானம் பூராவுக்கும் கேட்டது: "நம்ம பஸ் டீக்கடையில நிக்கிற நேரத்தை அந்தம்மா எண்ணாம விட்டதே புண்ணியம், முதலாளி. பேசாம கையெழுத்தைப் போட்டுடுங்க."

போட்டுவிட்டார். இருபது இனி நிரந்தரம். வளைவில் குழி தோண்டி, சிமென்ட் போட்டுப் பலகையை நட்டாகிவிட்டது. ஆக மொத்தத்தில் இந்தத் தொழிலில் நான் கண்டது என்னவென்றால், ஊரையே மெதுவாகப் போ என்று சொல்லி நிறுத்திவிட்ட என்னைத்தான் வீட்டிலும் வெளியிலும் எல்லோரும் "சீக்கிரம் வா, சீக்கிரம் வா" என்று, இதோ வாசலில் மகள் கத்துகிறாள், பக்கத்து ஊர்ப் பஞ்சாயத்தார் வண்டியோடு வந்து நிற்கிறார்களாம், அவர்கள் ஊர்க் கம்பத்துக்கும் நான்தான் வந்து எண்ணிக் காட்டணுமாம், மீதியை வந்து...