பிள்ளை மடுவத்துப் பற்கள்

எனக்குப் பயம் என்றால் கொள்ளை ஆசை. குன்னூரில் நான் வரலாறு எடுக்கும் பள்ளிக்கூடத்தில், சாப்பாட்டுக் கூடத்தை ஒட்டி ஒரு சின்ன மியூசியம் இருக்கிறது. எந்தக் காலத்திலோ ஊரைவிட்டுப் போன தோட்டத்துத் துரைகள், தூக்கிப்போட மனமில்லாமல் கொடுத்துவிட்டுப் போன சாமான்கள். யானைக் காலைக் குடைந்து செய்த குடைத்தாங்கி உண்டு, நகங்கள் அப்படியே இருக்கும். பாடம் செய்த கருங்குரங்கு ஒன்றும் உண்டு. அதற்குக் கண் வைத்தவர் கையில் அன்றைக்கு இருந்தது புலிக்கான கண்ணாடிக் கண் போலிருக்கிறது. பாவம், எப்போதும் திடுக்கிட்டுப்போய்த்தான் நிற்கும். பிள்ளைகள் கிறீச்சிட்டு ஓடுவார்கள், மறுநாளே திரும்பி வருவார்கள். அந்த அறைச் சாவி என்னிடம் இருப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

போன வருஷம் நிர்வாகக் குழு அந்த அறையைக் கேட்டது. சுவரை இடித்துப் பெரிதாக்கி ஸ்மார்ட் கிளாஸ் போடப் போகிறார்களாம்.

"வெள்ளிக்கெழம வந்து பாக்கறோமுங்க டீச்சர். வெச்சுக்கற மாதிரி ஏதாச்சும் இருந்தா காட்டுங்க. இல்லீனா எல்லாத்தையும் ஏறக்கட்டிரலாமுங்க" என்றார் குழுத் தலைவர். வெடிமருந்து ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

வந்த கோபத்தில் அன்றே அலமாரிகளையெல்லாம் கவிழ்த்தேன். கடைசி அலமாரியில், நெல்லியாளம் பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து பிற்பாடு வந்து யாரும் பிரிக்காமலே கிடந்த பெட்டி. அதற்குள் ஒரு கண்ணாடிப் புட்டி. குலுக்கினேன், கலகலவென்றது. மூடியைத் திறந்து உள்ளங்கையில் கொட்டினால், பல்! அத்தனையும் அரிசி அரிசியாகக் குழந்தைகளின் பல்! வீல் என்று கத்தினேன். கத்தினேனே தவிர, ஒரு பல்லும் கீழே விழாமல் கையை இறுக்கி மூடிக்கொண்டேன். புட்டியில் ஒட்டியிருந்த தாளில் பென்சிலால் எழுதியிருந்தது: பிள்ளை மடுவம்.

மடு என்றால் பள்ளம். எனக்குத் தெரிந்த தமிழ் அதுதான். அப்படியானால் பிள்ளைகளைப் போட்ட பள்ளம்! ஏதோ காய்ச்சல் வந்து தொழிலாளர் லைன் வீடுகளில் பிள்ளைகள் வரிசையாகப் போய்ச் சேர, எவனோ ஒரு துரை அந்தப் பள்ளத்தைத் தோண்டிப் பல் பொறுக்கியிருக்கிறான். ஐந்தே நிமிஷத்தில் கதை தயார். உடம்பெல்லாம் புல்லரித்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாகவும் இருந்தது. இதைப் பார்த்த பிறகு எவர் இந்த அறையில் கை வைப்பார்? கறுப்பு அட்டை வாங்கி, 'பிள்ளைகளைப் புதைத்த மடு' என்று வெள்ளை மையில் கொட்டை எழுத்தில் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை குழுவினர் நான்கு பேரும் வந்தார்கள். கண், காது, மூக்கு வைத்துச் சொன்னேன். தலைவர் இரண்டடி பின்னால் போய், "ஏனுங்க, நெசமாவா?" என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அந்த நேரம் பார்த்து டீ கொண்டு வந்தார் எங்கள் லேப் அட்டெண்டர் அக்கா. சிறு பிள்ளையாக இலங்கையிலிருந்து குடும்பத்தோடு வந்து, நெல்லியாளத்துத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர். அட்டையைப் படித்தார், புட்டியைப் படித்தார். தட்டில் டீ சிந்தச் சிந்தச் சிரிக்க ஆரம்பித்தார்.

"மடுவா? மடுவம் டீச்சர், புள்ள மடுவம்! அம்மாமாரு கொழுந்தெடுக்கப் போறப்ப புள்ளைகள விட்டுட்டுப் போற எடம். சிலோன்ல சொன்ன பேச்சு, இங்க வந்தும் அப்படியேதான் சொன்னோம். பள்ளிக்கூடம் விட்டு வந்தாலும் அங்கதான் கெடப்போம்."

"அப்போ இந்தப் பல்?" என்றேன்.

"விழுந்த பல்ல அவங்கவங்க வீட்டுக் கூரையில போட்டாத்தானே புதுப் பல்லு மொளைக்கும்? சாயங்காலம் அம்மா வந்தா குடுக்கலாம்னு, அங்க எங்களப் பாத்துக்கற ஆயா புட்டியில போட்டு வைக்கும். கொழுந்து சொமந்துட்டு வர்ற அலுப்புல பல்லு யாருக்கு ஞாபகம்?"

"அப்ப யாரும் சாகலீங்களா?" என்றார் தலைவர்.

"செத்த புள்ளைக்குப் பல்லு விழுமா சார்? அடியில வேரே இல்ல பாருங்க, தானா விழுந்தது. பொழச்சுக் கெடந்து ஏழு வயசத் தொட்ட புள்ளைக பல்லு சார் இது!"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. ஆனால் அந்த வெட்கத்தையும் மீறி நெஞ்சு படபடவென்று குதித்தது. இத்தனை பிள்ளைகளும் பிழைத்திருக்கிறார்கள்!

"அக்கா, உங்க பல்லும் இதுல இருக்குமா?"

"இருக்கணுமே! பெட்டியில எழுதியிருக்கறது எங்க எஸ்டேட்டுப் பேருதானே."

"எடுத்துக்குங்க அக்கா" என்றேன். அது பள்ளிக்கூடத்துச் சொத்து என்பதெல்லாம் அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் புட்டியை உள்ளங்கையில் கவிழ்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. ரொம்ப நேரம் கழித்து, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் புட்டிக்குள் போட்டார்.

"எது என்னுதுன்னு வெளங்கல டீச்சர். வெளங்குனாலும் எங்க கொண்டுபோய்ப் போடுறது? நாங்க குடியிருந்த லயத்துக் கூரையே இப்ப இல்ல."

பிறகு தலைவர் பக்கம் திரும்பினார். "இந்தக் கூரைக்குக் கீழயே இருக்கட்டும் சார். இடிச்சிராதீங்க."

தலைவர் என்னைப் பார்க்கவே இல்லை. அந்த அக்காவிடம்தான் சொன்னார்: "இடிக்கலீங்கம்மா. கிளாஸுக்கு வேற எடம் பாத்துக்கறோமுங்க."