ஏரிக்கரை வரைக்கும் என் தொகுதி

எங்கள் சட்டமன்றத் தொகுதியின் சரித்திரமும் பூகோளமும் தெரிந்தவன் என்று புதுச்சத்திரம் சுற்றுவட்டாரத்தில் என்னைச் சொல்வார்கள். சொல்வார்கள் என்றால், முதலில் சொன்னது நான்தான். மறுத்தால் இன்னும் ஒரு மணி நேரம் பேசுவேன் என்று பயந்து மற்றவர்களும் ஒப்புக்கொண்டார்கள். பெயர் வெங்கடாசலம். சேலம் நாமக்கல் நெடுஞ்சாலை ஓரத்தில் கோழித் தீவனக் கடை வைத்திருக்கிறேன். தீவனம் வாங்க வருகிறவர் மூட்டையோடு கொஞ்சம் தேர்தல் வரலாற்றையும் சுமந்துகொண்டுதான் போக வேண்டும்.

தொகுதியின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் ஜெயித்தவருக்கும் வருத்தம், தோற்றவர்களுக்கும் வருத்தம். தோற்றவர்களில் நானும் ஒருவன். தொகுதியை வரைபடத்தில் பார்த்தால் கொடியில் காயப்போட்ட கோவணம் மாதிரி நீளமாகக் கிடக்கும். ஒரு முனையில் மலையடிவாரமும் மரவள்ளிக் காடும், நடுவில் கோழிப்பண்ணைகள், மறுமுனையில் தறிச்சத்தம் ஓயாத ஊர்கள். அடிவாரத்துக்காரர்கள் தண்ணீர் கேட்பார்கள், தறிக்காரர்கள் கரண்டு கேட்பார்கள், பண்ணைக்காரர்கள் முட்டைக்கு விலை கேட்பார்கள். மூவருக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு: ஒரு முறை அனுப்பியவரை மறுமுறை அனுப்ப மாட்டார்கள். ஒரு காலத்தில் இரட்டை உறுப்பினர் தொகுதி, பிறகு தனித்தொகுதி, பிறகு பொதுத்தொகுதி. எல்லையை மாற்றும்போதெல்லாம் இந்தப் பக்கம் வெட்டி அந்தப் பக்கம் ஒட்டுப் போட்டார்கள். எந்தத் தேர்தலில் யார் எத்தனை ஓட்டில் தோற்றார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எழுப்பி யாரும் கேட்டதில்லை. விழித்திருக்கும்போதும் கேட்டதில்லை.

இப்படிப்பட்டவன் கடைசியில் தானே வேட்பாளராக நின்றதற்குக் காரணம் என் மனைவி உஷாராணி. அவள் நிற்கச் சொன்னாள் என்று நினைக்க வேண்டாம். அவள் என்னிடம் கடையை நேரத்துக்குத் திறக்கச் சொன்னதைத் தவிர வேறெதுவும் சொன்னதில்லை.

எங்கள் வீடும் கடையும் நெடுஞ்சாலைக்குக் கிழக்கே. பால் சொசைட்டி மேற்கே. நடுவில் நான்கு வழிச்சாலை. காலையிலும் மாலையிலும் பால் கேனைத் தூக்கிக்கொண்டு அவள் அதைத் தாண்டியாக வேண்டும். முட்டை வண்டி, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி, பள்ளிக்கூட பஸ் என்று எதுவும் யாருக்காகவும் நிற்காது. போன தை மாதம் ஒரு வேன் அவள் கையிலிருந்த கேனைத் தட்டிவிட்டுப் போயிற்று. கேன் நசுங்கி, பால் ரோட்டில் ஓடியது. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. வீட்டுக்கு வந்து சேலையை அலசிப் போட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். நான்தான் நசுங்கிய கேனை எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேன் இன்னும் அரையடி உள்ளே வந்திருந்தால்? அவளை இழந்துவிடுவேன் என்ற பயம் அதற்குமுன் எனக்கு வந்ததே இல்லை.

அந்த இடத்தில் ஒரு சுரங்கப்பாதை வேண்டும் என்று ஊரே மனுக் கொடுத்துச் சலித்துவிட்டது. தேர்தல் அறிவிப்பு வந்ததும் நானே நிற்பதென்று முடிவு செய்தேன். உஷாராணியிடம் சொன்னேன்.

"கடைய யாருங்க பாக்கறது?" என்றாள். என் அரசியல் வாழ்க்கைக்குக் கிடைத்த முதல் வாழ்த்து அது.

சுயேச்சைக்குக் கிடைத்த சின்னம் கேரம் போர்டு. எதிர்க்கடையில் பஞ்சர் ஒட்டும் வேலுசாமி என் பிரசாரப் பீரங்கி, படை, தொண்டர் எல்லாம். அவன் ஆரம்பத்திலேயே ஒரு நல்ல யோசனை சொன்னான்.

"அண்ணா, ஓட்டர் லிஸ்ட்ட வாங்கி ஒருக்கா பாத்துக்கலாமுங்க. எந்த ஊட்டுல எத்தன ஓட்டுன்னு தெரிஞ்சுக்கலாம்."

"தொகுதி என் நாக்கு நுனியில இருக்குது. லிஸ்ட்டு எதுக்கு வேலுசாமி?" என்றேன்.

நாக்கு நுனியில் இருந்தது உண்மைதான். ஆனால் நாக்குக்கு எலும்பில்லை என்பதை நான் மறந்துவிட்டேன்.

மலையடிவாரத்தில் என்னைக் கண்டுகொள்ளவில்லை. தறி ஊர்களில் நான் பேசியது தறிச்சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும் என்று வேலுசாமி பிற்பாடு சொன்னான். என் ஊரிலோ, என்னைப் பார்த்ததும் வரலாறு ஆரம்பித்துவிடும் என்று கதவைச் சாத்தினார்கள். மனம் விட்டுப்போன நேரத்தில்தான் பொன்னி நகர் கிடைத்தது.

பொன்னி நகர் சாலைக்கு மேற்கே, சொசைட்டியைத் தாண்டி, ஓடைக்கும் ஏரிக்கரைக்கும் நடுவில் மனை பிரித்து விற்ற இடம். எல்லாம் புது வீடுகள். அவர்கள் பிள்ளைகளும் பள்ளிக்கு இதே சாலையைத்தான் தாண்டுகிறார்கள். முதல் வீட்டில் கருப்பண்ணன் என்பவர், ரிக் வண்டியில் வேலை பார்ப்பவர், விடுப்பில் வந்திருந்தார். நாற்காலி போட்டு உட்காரவைத்து, அவர் மனைவி பழனியம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்தார். நான் சுரங்கப்பாதையைப் பற்றிச் சொன்னேன். நசுங்கிய கேனைப் பற்றிச் சொன்னேன். ஒரு வரி சரித்திரம்கூடப் பேசவில்லை, என் வாழ்நாளில் முதல்முறையாக. கைகூப்பி ஓட்டுக் கேட்டேன். கருப்பண்ணன் மனைவியைப் பார்த்தார், மனைவி அவரைப் பார்த்தார்.

"ஆகட்டுங்கண்ணா" என்றார்.

அடுத்த வீட்டிலும் ஆகட்டுங்க. அதற்கடுத்த வீட்டிலும் உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்து, ஆகட்டுங்க. தெரு முழுக்க ஒரு வீட்டிலும் மறுப்பு இல்லை. மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். மற்ற ஊர்களையெல்லாம் கைவிட்டுவிட்டுப் பிரசாரத்தின் கடைசி வாரம் முழுவதும் பொன்னி நகரிலேயே கிடந்தேன். ஜெயிக்க மாட்டேன் என்று தெரியும். ஆனால் ஒரு நகரே ஒரு சுரங்கப்பாதைக்காகத் திரண்டு ஓட்டுப் போட்டது என்று கணக்கு வெளியானால், ஜெயித்தவர் திரும்பிப் பார்த்துத்தானே ஆக வேண்டும். அதுதான் என் திட்டம்.

ஓட்டு எண்ணிக்கை ஒரு பொறியியல் கல்லூரியில் நடந்தது. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். ஒவ்வொரு சுற்றிலும் என் பெயருக்கு நேராக ஒன்று, இரண்டு, சுழி என்று வந்தது. நான் கலங்கவில்லை. பக்கத்தில் இருந்த கட்சி ஏஜென்ட் ஒருவர் பரிதாபப்பட்டு பிஸ்கட் கொடுத்தார். "இருங்க, இன்னும் பொன்னி நகர் வரல" என்று அவருக்கு ஆறுதல் சொன்னேன். சுற்றுகள் முடிந்துகொண்டே வந்தன. கடைசிச் சுற்றும் முடிந்து, மெஷின்களை மூடிச் சீல் வைக்க ஆரம்பித்ததும் எழுந்துபோய் அலுவலரிடம் கேட்டேன்.

"சார், பொன்னி நகர் பூத்த எண்ணாம விட்டுட்டீங்க."

அவர் தாளைப் புரட்டினார். "பொன்னி நகருங்களா? அது இந்தத் தொகுதியே இல்லீங்களே. பக்கத்து பிளாக்குல எண்ணி முடிச்சிருப்பாங்க."

"ஏரிக்கரை வரைக்கும் நம்ம தொகுதிங்க சார்."

"அது பழைய எல்லைங்க. மாத்தி அமைச்சப்பவே ஓடையோட முடிஞ்சு போச்சு. நீங்க வேட்பாளர்தானுங்களே?"

கழுத்தில் தொங்கிய வேட்பாளர் அட்டையைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டேன். எல்லை மாறியது எனக்கும் தெரியும். பக்கம் பக்கமாகப் படித்தவன்தான். ஆனால் அந்தக் காலத்தில் ஓடைக்கும் ஏரிக்கும் நடுவில் வெறும் சோளக்காடு. சோளத்துக்கு ஓட்டில்லை என்று அந்த வரியைத் தாண்டிவிட்டேன். பிறகு அங்கே வீடு முளைத்தது, ஆள் குடிவந்தது, ஓட்டும் முளைத்தது. என் தலைக்குள் மட்டும் இன்னும் சோளம் ஆடிக்கொண்டிருந்தது.

கல்லூரியிலிருந்து நேராகப் பொன்னி நகருக்குப் போனேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கருப்பண்ணன் வாசலிலேயே இருந்தார். நான் கேட்பதற்கு முன்பே எழுந்து நின்றார்.

"ஏனுங்க, உங்க தொகுதியில எங்களுக்கு ஓட்டு இல்லைன்னு முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன்.

"ஊடு தேடி வந்து, கையெடுத்துக் கும்புட்டுக் கேக்கறவருகிட்ட இல்லைன்னு எப்படிங்கண்ணா சொல்றது? சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க அக்கா கேன வேன் தட்டுனதச் சொன்னப்ப உங்களுக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. அப்பறம் வாய் வரலீங்க."

தெருவில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. வந்தவரை வெறும் வாயோடு அனுப்பாத ஊர்க்காரர்கள். மோர் கொடுத்தார்கள், காப்பி கொடுத்தார்கள், கேட்டது ஓட்டு என்பதால் அதையும் வாயால் கொடுத்துவிட்டார்கள். இதில் அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? கடன் கேட்டு வருகிறவனிடம் நாளைக்கு வாங்க என்று நானும் சொல்கிறவன்தானே.

"ஆனா நீங்க சொன்னது வீண் போகலீங்க" என்றார் கருப்பண்ணன். "எங்க பக்கம் ஓட்டுக் கேட்டு வந்த அத்தன பேருத்துகிட்டயும் சுரங்கப்பாதை எப்பன்னு தெருவே நின்னு கேட்டமுங்க."

"என்ன சொன்னாங்க?"

"ஆகட்டும்னாங்க."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குச் சிரிப்போடு கண்ணீரும் வந்தது. அவர் போட்ட நாற்காலியில் உட்காராமல் கிளம்பினேன்.

சாலைக்கு வந்தபோது பால் ஊற்றும் நேரம். எதிர்ப்பக்கம் உஷாராணி கேனோடு நின்றுகொண்டிருந்தாள். ஒரு லாரி போக இன்னொன்று, அது போக ஒரு பஸ். அவள் ஒரு காலை எடுத்து வைப்பதும் பின்னால் இழுப்பதுமாக இருந்தாள். நான் அந்தப் பக்கத்திலிருந்து அவளைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எப்போதும் கடைக்குள் இருந்து அவள் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் யாருக்காவது எல்லை மாற்றத்தை விளக்கிக்கொண்டே. அவ்வளவு சின்னவளாக அவள் அங்கே நின்றது எனக்குத் தாங்கவில்லை.

விழுந்தடித்து இரண்டு பக்கத்தையும் தாண்டிப் போய்க் கேனை வாங்கினேன். மறு கையை உயர்த்திக்கொண்டு சாலையில் இறங்கினேன். வெள்ளை வேட்டியைப் பார்த்தோ, பைத்தியக்காரன் என்று நினைத்தோ, வந்த லாரி வேகம் குறைந்து நின்றது. பின்னால் வந்ததும் நின்றது. அவள் என் பக்கத்தில் நடந்தாள். சாலை நடுவே தடுப்புச் சுவர் இடைவெளியில் நின்று மூச்சு வாங்கினோம்.

"எத்தன ஓட்டுங்க?" என்றாள்.

சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. முந்தானையால் என் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள்.

"இப்படிக் கையக் காட்டி ரோட்டத் தாண்ட வெக்கறதுக்குப் போயி எதுக்குங்க எம்.எல்.ஏ. ஆவோணும்?"

இன்னும் பாதிச் சாலை பாக்கி இருந்தது. கையை உயர்த்தினேன்.