சீட்டில்லாத குடை

குடை செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்கள்தான் ஊரிலேயே அதிகம் மழையில் நனைகிறவர்கள். அந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டவர் ஷரத்து சார். பணியாளர் பிரிவில் இருபத்தாறு வருஷமாக எழுத்தர். எதைக் கேட்டாலும் "எந்த ஷரத்துல இருக்கு?" என்று திருப்பிக் கேட்பதால் வந்த பெயர். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி.

சொந்தக் குடை கொண்டுவருகிறவர் காலையில் வாயிலில் அதைப் பதிந்து சீட்டு வாங்க வேண்டும். சாயங்காலம் சீட்டைக் காட்டித்தான் வெளியே எடுத்துப்போக வேண்டும். சீட்டில்லாத குடை திருட்டுக் குடை. இந்த விதியை எழுதியவர் அவர்தான். வரிசையில் அரைமணி நேரம் நிற்பதற்கு நனைந்தே தொலைக்கலாம் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். மழை நாளில் நானூறு பேர் சாப்பாட்டுப் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடுவதைத் தெருவே நின்று வேடிக்கை பார்க்கும்.

சாருடைய உண்மையான கெட்டிக்காரத்தனம் மெமோ எழுதுவதில் இருந்தது. திருடி மாட்டிக்கொண்டவர்மேல் நடவடிக்கை எடுக்குமுன் நிர்வாகம் கொடுக்கிற குற்றச்சாட்டு மெமோ. அதில் ஒரு வார்த்தை பிசகினாலும் தொழிலாளர் நீதிமன்றம் ஆளைத் திரும்ப வேலைக்கு அனுப்பிவிடும். மேலாளர்கள் கோபத்தில் கண்டதையும் சேர்ப்பார்கள், சார் சிவப்பு மையால் அடிப்பார். ஏழு வருஷத்துக்கு முன், கைப்பிடி பொருத்துகிற பெண் ஒருத்தி, காய்ச்சலில் கிடந்த மகளை மழையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக ஒரு குடையை எடுத்துப் போய்விட்டாள். "குடையைத் திருடிய குற்றவாளியாகிய நீங்கள்" என்று அப்போதைய மேலாளர் ஒரு வரி எழுதியிருந்தார்.

"விசாரணைக்கு முன்னாடியே குற்றவாளின்னு போட்டா, அப்புறம் விசாரணை வெறும் நாடகம்னு ஆயிடும் சார். கோர்ட்டுல நிக்காது" என்று சொல்லி சார் அதை அடித்தார்.

மெமோ நின்றது, அவள் வேலை போனது. இப்போது அவள் தொழிற்சாலை வாயிலுக்கு எதிரே நடைபாதையில் ஒரு தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு குடை ரிப்பேர் செய்கிறாள். சார் தினமும் அவளைத் தாண்டித்தான் பஸ் ஏற வேண்டும். அவர் அந்தப் பக்கம் பார்த்ததே இல்லை.

இப்படிப்பட்ட மனுஷர், ஓய்வுக்கு மூன்று வருஷம் இருக்கும்போது, குடைத் திருட்டில் மாட்டினார். நெஞ்சில் சளி கட்டிப் பத்து நாள் படுத்து எழுந்திருந்த சமயம். இன்னொரு முறை நனைந்தால் தன்னிடம் வரவே வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாயங்காலம் மழை வெளுத்து வாங்கியது. கழித்துக் கட்டிய குவியலிலிருந்து கம்பி வளைந்த குடை ஒன்றை எடுத்தார். நாளைக்குக் கொண்டுவந்து போட்டுவிடலாம் என்பதுதான் எண்ணம்.

"சார், சீட்டு?" என்றான் வாயில் காவலாளி.

"என்னப்பா, என்கிட்டயா?"

"யாரா இருந்தாலும் கேக்கணும்னு நீங்கதானே சார் எழுதிக் குடுத்தீங்க."

மறுநாள் மேலாளர் கூப்பிட்டார். வந்து ஆறு மாதம்கூட ஆகாத மனுஷர். சாரை உட்காரச் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"உங்க மேல மெமோ போடணும். ஆனா அதை ஒழுங்கா எழுதத் தெரிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர்தான். நீங்களே எழுதிக் குடுத்துடுங்களேன்."

வீட்டில் இதைக் கேட்டதும் சாரின் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஒரு ஓட்டையை விட்டு எழுதுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"என் கையால ஓட்டை மெமோ எழுத மாட்டேன்."

"வேலை போனா அந்தக் கையை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?"

அவர் காதில் வாங்கவில்லை. தேதி, நேரம், ஷரத்து எண், வளைந்த கம்பி எத்தனை என்பதுவரை எழுதினார். பதில் தர எத்தனை நாள், துணைக்கு யாரை அழைத்துவரலாம், ஒன்றையும் விடவில்லை. தன்னை வீட்டுக்கு அனுப்ப இதைவிட நல்ல காகிதம் கிடையாது என்று அவருக்கே ஒரு கர்வம் வந்தது. அசட்டுக் கர்வம்தான்.

மேலாளருக்கோ அது சப்பென்றிருந்தது. பேனாவை எடுத்து மேலே ஒரு வரி சேர்த்தார்: "குடையைத் திருடிய குற்றவாளியாகிய நீங்கள்". தட்டச்சு செய்து கொண்டுவரச் சொன்னார்.

சார் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். சிவப்புப் பேனா சட்டைப் பையில் இருந்தது. வெகுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஓர் எழுத்து விடாமல் அதை அப்படியே தட்டச்சு செய்தார்.

மற்றது எல்லாம் முறைப்படி நடந்தது. விசாரணை, பணிநீக்கம், வழக்கு, ஒன்றரை வருஷ இழுவை. முதலிலேயே குற்றவாளி என்று எழுதிவிட்டு எதை விசாரித்தீர்கள் என்று நீதிபதி கேட்டார். பணிநீக்கம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. சார் திரும்பவும் அதே நாற்காலிக்கு வந்தார்.

முதல் நாள் சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. சார் வெறுங்கையோடு வெளியே வந்து, ஒதுங்க வேறு இடமில்லாமல் அந்தத் தார்ப்பாய்க்குக் கீழே போய் நின்றார்.

"உள்ள தள்ளி நில்லுங்க சார், நனையுது" என்றாள் அவள், மடியில் ஒரு குடையை வைத்துத் தைத்துக்கொண்டே. "ஜெயிச்சுட்டீங்களாமே. எப்படி சார்?"

"மெமோவுல ஒரு வரி தப்பா இருந்துச்சும்மா. விசாரணைக்கு முன்னாடியே குற்றவாளின்னு போட்டுட்டாங்க."

"அவ்வளவுதானா?" அவள் சிரித்தாள். "எனக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லாம போச்சு. என் மெமோவுல ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. ரொம்ப மரியாதையா எழுதியிருந்தாங்க."

சார் பேசாமல் இருந்திருக்கலாம். இந்த உலகத்தில் அது தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான். பழைய மேலாளர் செத்தும் போய்விட்டார்.

"உன்னுதுலயும் அந்த வரி இருந்துச்சும்மா" என்றார். "நான்தான் அடிச்சேன்."

அவள் கை நின்றது. அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அவள் திட்டினால் தேவலை என்று இருந்தது அவருக்கு. அவளோ குனிந்து, விட்ட இடத்திலிருந்து துணியைக் கம்பியோடு சேர்த்துத் தைத்தாள், நூலைப் பல்லால் கடித்தாள், ஒரு முறை விரித்துப் பார்த்து மடக்கி அவரிடம் நீட்டினாள்.

"எடுத்துட்டுப் போங்க சார், உங்களுக்கு நெஞ்சுச் சளின்னு சொன்னாங்க. நாளைக்குக் கொண்டாந்து குடுத்தாப் போதும். சீட்டெல்லாம் வேணாம்."

சார் வாங்கிக்கொண்டார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விரிக்காமலே, பஸ் நிறுத்தம் வரை நனைந்துகொண்டு போனார்.