கிரேனில் ஏறிய தராசு

காய்க்காரி கைத்தராசில் எடைக்கல்லை வைத்தாள். இரும்பில் இரும்பு மோதிய சத்தம் என்னை ராயபுரத்து வீட்டுக்குள் தள்ளிவிட்டது.

அப்போது எனக்குப் பத்து வயது. காய் விற்ற அம்மா இறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அவள் தராசு ஆணியில் தொங்கியது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய என் அப்பா, நைனா, வேலை முடிந்த பிறகும் அதன் உச்சியிலேயே உட்கார்ந்திருப்பார். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. உயரே போகப் போகப் பூமியின் இழுப்பு குறையும், எடையும் குறையும் என்று டீச்சர் சொன்ன அன்று தெரிந்துவிட்டதாக நினைத்தேன்.

"நைனா, மேல போனா கனம் கொறையுமாமே?"

"தெரியலியே கண்ணு. தராசக் குடு, பாத்துட்டு வர்றேன்."

தராசும், ஒரு வீசை எடைக்கல்லும், அதன் எடைக்குச் சரியான வெங்காயமும் மறுநாள் அவரோடு மேலே போயின.

"முள்ளு நேராவே நிக்குது கண்ணு. ஒன்னியும் கொறையல" என்றார் திரும்பி வந்து.

இதைப் போய்ச் சொன்னதும் டீச்சர் சிரித்துவிட்டார். "அந்த உயரத்துக்குத் துளிதான் குறையும். குறைஞ்சாலும் கல்லும் கூடவே குறையுமே, தராசு எப்படிக் காட்டும்?"

அன்று சாப்பிடும்போது நைனாவின் தோள் எலும்பை முதன்முதலாகக் கவனித்தேன். அவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா கண்ணு, இப்டி எளச்சிட்ட?"

ஒரே வீட்டில் இருவரும் சேர்ந்தே இளைத்திருந்தோம்.

"முள்ளு சரியா கீதான்னு பாரு ஆயா" என்றாள் காய்க்காரி.

சரியாகத்தான் இருந்தது. கால் கிலோ கத்தரிக்காய். என் ஒருத்திக்கு மூன்று நாளைக்கு வரும்.